பாபுஜியின் ஐம்பது ஆண்டுகளும் நம் தனித்தொகுதிகளும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் சேரிகளில் நீலக்கொடி ஏறத் தொடங்கிவிடும். 14-ஆம் தேதிக்கு மாலை, சுவரொட்டி, ஒலிபெருக்கி அனுமதி என்று அலைவோம். அதே மாதம் 5-ஆம் தேதி பாபு ஜெகஜீவன் ராமின் பிறந்தநாள் என்பது கள்ளக்குறிச்சியில் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அன்றைக்கு அரசு விழா நடக்கிறது. அங்கே பல ஊர்களில் அண்ணல் சிலைக்குப் பக்கத்திலேயே அவருக்கும் ஒரு சிலை நிற்கிறது. இங்கே அவர் பெயரை எடுத்தால் நம் தோழர்கள் இரண்டே சொற்களில் கதையை முடித்துவிடுவார்கள்: ‘காங்கிரஸ் அரிஜன்.’

அவரைக் கொண்டாடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் இரண்டு சொற்களில் முடித்துவிடக்கூடிய ஆள் அவர் இல்லை. தனித்தொகுதியில் நின்று, ஆளுங்கட்சியில் இருந்து, ஒரு தலித் எவ்வளவு தூரம் போகமுடியும், எந்த இடத்தில் கதவு சாத்தப்படும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான கணக்கு வேறெங்கும் கிடையாது. நம் மாவட்டத்தின் எம்.எல்.ஏ.க்களையும் எம்.பி.யையும் எதை வைத்து அளப்பது என்று யோசிக்கிறவர்கள் அந்தக் கணக்கைப் படித்தே ஆகவேண்டும்.

1936-ல் பீகார் சட்டமேலவைக்கு நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 28. அடுத்த ஆண்டு சட்டப்பேரவைக்குப் போட்டியின்றித் தேர்வானார். 1946-ல் இடைக்கால அரசில் மிக இளைய அமைச்சர். 1952 முதல் 1984 வரை நடந்த எட்டுப் பொதுத்தேர்தல்களிலும் பீகாரின் சாசாராம் வட்டாரத்திலிருந்து வென்றார். 1986 ஜூலை 6 அன்று இறந்தபோதும் அவர் மக்களவை உறுப்பினர்தான். சட்டமன்றமும் நாடாளுமன்றமுமாக ஐம்பது ஆண்டுகள். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் மத்திய அமைச்சர்.

இப்படிப்பட்ட நீண்ட பதவிக்காலத்தை அமெரிக்க செனட் சபையில்தான் பார்க்கலாம். மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் 1959 முதல் 2010 வரை 51 ஆண்டுகள் செனட்டராக இருந்தார். இளமையில் கு கிளக்ஸ் கிளான் அமைப்பில் இருந்தவர். 1964-ல் கறுப்பின மக்களுக்கான குடியுரிமைச் சட்டத்தை நிறுத்த 14 மணி நேரத்துக்கு மேல் விடாமல் பேசியவர். பின்னாளில் அதற்கெல்லாம் வருத்தம் தெரிவித்தார் என்பதும் உண்மை. நமக்கு முக்கியம் அந்த ஏற்பாடு வேலைசெய்த விதம். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை ஓட்டுப்போட விடவில்லை. அதனால் அங்கிருந்து போன வெள்ளைச் செனட்டர்களுக்குச் சொந்த ஊரில் எதிர்ப்பே இல்லை, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதிக ஆண்டு உட்கார்ந்தவருக்குக் குழுத் தலைவர் பதவி என்பது அந்தச் சபையின் வழக்கம். குழுத் தலைவர் நினைத்தால் ஒரு மசோதாவை மேசை டிராயரிலேயே புதைத்துவிடலாம். ஆதிக்கத் தரப்புக்குப் பதவிக்காலம் இப்படி ஆயுதமாக மாறியது. ஒடுக்கப்பட்டவர் ஐம்பது ஆண்டுகள் உட்கார்ந்தால் அதே ஆயுதம் அவர் கைக்கு வருகிறதா?

பீகாரின் ஆரா நகரப் பள்ளியில் தலித் மாணவர்களுக்குத் தனியாக வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர் ஜெகஜீவன் ராம். வைத்தார்கள், உடைத்தார், மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தார். கடைசியில் தனிப்பானையே இல்லாமல் போயிற்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைத்தது. ஆனால் முடிவெட்ட ஆள் வரவில்லை, விடுதியில் சாப்பாடு போட ஆள் இல்லை. கல்கத்தாவுக்குப் போய்த்தான் பட்டம் முடித்தார். நம் விடுதித் தோழர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

புதிதாக இருப்பது அவர் தேர்ந்தெடுத்த வழி. 1935-ல் தொடங்கிய அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் லீக்கின் முன்னணித் தலைவராக இருந்து காங்கிரசோடு நின்றார். 1946-ல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு வந்தபோது அண்ணல் ஒருபுறம் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் தனித்தொகுதிக்குத் தனி வாக்காளர் கேட்டார். லீக் மறுபுறம் காங்கிரசின் குரலில் பேசியது. அதற்குச் சற்று முன் நடந்த தேர்தலில் கூட்டமைப்பு தோற்றிருந்தது. காங்கிரசுக்கு, ‘எங்களிடமும் உங்கள் ஆள் இருக்கிறார்’ என்று காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகமாக நிற்க அவர் சம்மதித்தார். இந்தக் குற்றச்சாட்டை யாரும் மழுப்பவேண்டியதில்லை. 1982-ல், பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், கன்ஷிராம் எழுதி வெளியிட்ட ‘சம்சா யுகம்’ நூலின் வாதமே இதுதான்: கூட்டு வாக்காளர் முறை, எசமானனுக்கு வேண்டிய கருவிகளை நம் சாதிக்குள்ளிருந்தே பொறுக்கி எடுத்துக்கொள்ளும் முறை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் சபையில் தொழிலாளர் துறை அண்ணலிடம் இருந்தது. இடைக்கால அரசில் அதே துறை ஜெகஜீவன் ராமுக்கு வந்தது. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946-ல் அறிமுகப்படுத்தியது அண்ணலின் காலம். 1948-ல் அது சட்டமானது ஜெகஜீவன் ராமின் காலம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் விவசாயக் கூலி வேலையும் இருந்தது. தியாகதுருகத்திலோ சின்னசேலத்திலோ கரும்பு வெட்டுகிற நம் அம்மாக்கள் ‘அரசு நிர்ணயித்த கூலி’ என்று இன்றைக்கு வாதாடமுடிகிறது என்றால், அதன் வேர் அந்த அட்டவணையில் இருக்கிறது. எதிரெதிர் முகாமில் நின்ற இரண்டு பேர் கையில் ஒரே கோப்பு அடுத்தடுத்து வந்திருக்கிறது. நம் மேடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றை அவர் ரயில்வேயில் செய்தார். 1956 இறுதியிலிருந்து 1962 வரை ரயில்வே துறை அவரிடம் இருந்தது. 1959 ஏப்ரலிலும் ஜூனிலும் ரயில்வே வாரியம் இரண்டு சுற்றறிக்கைகளை வெளியிட்டது. வேலையில் சேரும்போது மட்டுமல்ல, தேர்வு முறையில் தரப்படும் பதவி உயர்விலும் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்பது அவற்றின் சாரம். யாருக்கு வலித்தது தெரியுமா? நம் தெற்கு ரயில்வேயில்தான். ரங்காச்சாரி என்ற ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சுற்றறிக்கைகளைச் செயல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பும் வாங்கினார். ரயில்வே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1961-ல் ஐந்து நீதிபதிகளில் மூவர், அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவு பதவி உயர்வுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தார்கள். ‘தெற்கு ரயில்வே பொது மேலாளர் எதிர் ரங்காச்சாரி’ என்று சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இதுதான். 1992 மண்டல் தீர்ப்பில் பதவி உயர்வு ஒதுக்கீடு கூடாது என்று சொல்லப்பட்டது. 1995-ல் 77-வது திருத்தம் செய்து 16(4ஏ) பிரிவைச் சேர்த்துத்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் பெற்றோர் தலைமுறையை மேலே ஏற்றிவிட்ட ஏணி இரண்டு சுற்றறிக்கைகளில் தொடங்கியது.

சுற்றறிக்கை என்பது மேடையில் கைதட்டு வாங்காது. யாரும் அதைச் சட்டம்போட்டு மாட்டுவதில்லை. ஆனால் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் அருமை தெரியும். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது ‘அவர் ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்லும் தோழர்கள் நாக்கைக் கொஞ்சம் கடித்துக்கொள்ளலாம்.

1963-ல் காமராசர் திட்டத்தின்படி பதவி விலகினார்; 1966-ல் திரும்பி வந்தார். 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சர். அதற்கு முன்னும் பின்னும் உணவும் வேளாண்மையும். நடுவில், பத்து ஆண்டுகள் வருமான வரிக்கணக்கே கொடுக்கவில்லை என்று ஒரு சர்ச்சை வந்தது. மறந்துவிட்டார் என்று இந்திரா காந்தி காப்பாற்றினார். நம்மவர் என்பதற்காக நாமும் அதை மறக்கத் தேவையில்லை.

1975-ல் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவரும் அவரே. அந்தக் கறை போகாது. 1977 பிப்ரவரி 2 அன்று அமைச்சரவையிலிருந்தும் காங்கிரசிலிருந்தும் விலகி, ஜனநாயகக் காங்கிரஸ் தொடங்கினார். இந்திராவின் தோல்வி அன்றைக்கே உறுதியாயிற்று என்று பலர் எழுதியிருக்கிறார்கள். டெல்லி ராம்லீலா மைதானத்தில் அவர் பேசுகிற நாளில் மக்கள் வீட்டை விட்டு வரக்கூடாது என்று தூர்தர்ஷனில் ‘பாபி’ படத்தைப் போட்டார்கள். மக்கள் வந்தார்கள். இருபது மாதக் கொடுமையைப் பார்த்துக்கொண்டு ஏன் இருந்தார் என்ற கேள்விக்கு அந்தக் கூட்டம் பதிலாகாது.

அடுத்த இரண்டு ஆண்டுகளை மெதுவாகப் படிக்கவேண்டும்.

1977 மார்ச். ஜனதா வென்றது. யார் பிரதமர்? மொரார்ஜி, சரண்சிங், ஜெகஜீவன் ராம் மூவரும் நின்றார்கள். ஜெகஜீவன் ராம் வரக்கூடாது என்பதற்காகவே சரண்சிங் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து மொரார்ஜிக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார். ஜெகஜீவன் ராமுக்கு மீண்டும் பாதுகாப்புத் துறை. மே 27 அன்று அவருடைய சொந்த மாநிலமான பீகாரில், பேல்ச்சி கிராமத்தில் 11 பேரைக் கொன்று எரித்தார்கள், பெரும்பாலோர் தலித்துகள். வெள்ளத்தில் யானைமேல் ஏறி இந்திரா காந்தி அங்கே போனது படமாக வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் நம் விழுப்புரம். நகரத்துக்குள்ளேயே நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அன்றைக்குக் கள்ளக்குறிச்சியும் விழுப்புரமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். நம் தாத்தா பாட்டிகள் அந்த ஜூலையைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் நாட்டின் ராணுவமே ஒரு தலித் அமைச்சரின் கையில் இருந்தது. சட்டம் ஒழுங்கு மாநிலப் பொறுப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். சரி. ஆனால் எல்லையைக் காக்கும் துறையைத் தலித்திடம் நம்பிக் கொடுக்கும் நாடு, ஒரு சேரியைக் காக்கும் அதிகாரத்தை மட்டும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தது என்பதை அந்தப் பாடப்புத்தகம் சொல்லாது.

அதே 1978-ல் அவர் வாரணாசியில் சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்துவைத்தார். அவர் கை பட்ட சிலையைச் சாதி இந்துக்கள் சிலர் கங்கை நீர் ஊற்றிக் கழுவினார்கள். ஆராவில் பானையை உடைத்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பானை வைத்தவர்களின் பேரன்மார் கையில் இப்போது குடம்.

1979-ல் துணைப் பிரதமரானார். ஜனதா உடைந்து, சரண்சிங் பிரதமராகி, மக்களவையைச் சந்திக்காமலேயே ஆகஸ்ட் 20 அன்று பதவி விலகினார். அப்போது ஜனதாவின் தலைவர் ஜெகஜீவன் ராம். ஆட்சியமைக்க உரிமை கோரினார். குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி அவரை அழைக்கவில்லை. ஆகஸ்ட் 22 அன்று மக்களவையைக் கலைத்தார். பெரும்பான்மை இருந்ததா இல்லையா என்பதைச் சபையில் எண்ணிப் பார்க்கும் வாய்ப்புகூட அவருக்குத் தரப்படவில்லை. அமெரிக்கச் செனட்டில் ஆண்டுக்கணக்கு நாற்காலியை வாங்கித் தந்தது. இங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கைக் காட்டியும் கடைசி நாற்காலிக்கு முன்னால் கதவு சாத்தப்பட்டது. எவ்வளவு விசுவாசமாக இருந்தாலும் திறக்காத கதவு அது என்பதை அவர் வாழ்க்கையே சாட்சி சொல்கிறது.

கதவு சாத்தப்பட்டவர் அதற்குப் பிறகு தனியாக ஒரு இயக்கம் கட்டினாரா? கட்டவில்லை. தன் பெயரில் ஒரு காங்கிரஸ் வைத்துக்கொண்டு, 1984-ல் சாசாராமில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தார். ஐம்பது ஆண்டுகளில் அவரோடு வளர்ந்தது தொகுதி, அமைப்பு வளரவில்லை. அடுத்த தலைமுறையில் மகள் மீரா குமார் மக்களவையின் முதல் பெண் சபாநாயகரானார், மகிழ்ச்சிதான். ஆனால் சாசாராமின் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளையிலிருந்து எத்தனை பேர் அரசியலுக்கு வந்தார்கள் என்பதையே நாம் கேட்போம்.

இந்த இடத்தில் நம் மண்ணின் இன்னொரு காங்கிரஸ்காரரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காட்டுமன்னார்கோவில் எல். இளையபெருமாள், அதே தென்னார்க்காட்டுக்காரர். 1952-லேயே மக்களவைக்குப் போனவர். கேபினட் நாற்காலி எதுவும் அவருக்கு வரவில்லை. 1965-ல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானார். நாடு முழுக்க அலைந்து, 1969 ஜனவரியில், கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட சில வாரங்களில், அறிக்கையைக் கொடுத்தார். சட்டம் பல்லில்லாமல் இருக்கிறது என்று சொன்னது அந்த அறிக்கை. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-ல் கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக மாறியதற்கு அது அடிப்படை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கவேண்டும் என்றும் அந்த அறிக்கை பரிந்துரைத்தது. 1970-ல் தி.மு.க. அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது, நோக்க உரையில் இந்தக் குழுவைத்தான் மேற்கோள் காட்டியது. சொந்தக் கட்சி ஆளும்போதே, அந்த ஆட்சி வெட்கப்படவேண்டிய உண்மைகளைத் தொகுத்து அதன் கையிலேயே கொடுத்தவர். ஐம்பது ஆண்டு நாற்காலியா, ஒரு அறிக்கையா என்று யாராவது நம்மைக் கேட்டால் நாம் அறிக்கையின் பக்கம். சுற்றறிக்கையையும் கூடவே எடுத்துக்கொள்வோம்.

இனி நம் ஊர். கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி பொதுத்தொகுதி. ஆனால் அதற்குள் இருக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் கள்ளக்குறிச்சி, கெங்கவல்லி, ஆத்தூர் மூன்றும் எஸ்.சி. தனித்தொகுதிகள், ஏற்காடு எஸ்.டி. தொகுதி. மீதி ரிஷிவந்தியமும் சங்கராபுரமும். ஆறில் நான்கு தனித்தொகுதிகள்! நாட்டிலேயே இப்படி அமைவது அரிது. இந்த நான்கு பேரும் ஒருநாள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கட்சிக் கொறடாவுக்குப் பயப்படும் அளவுக்குச் சேரிக்குப் பயப்படத் தேவையில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தனித்தொகுதியில் வெற்றியைத் தீர்மானிப்பது நம் ஓட்டு மட்டுமல்ல. பூனாவில் 1932-ல் எழுதப்பட்ட விதி அது.

2024 ஜூனில் கள்ளச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவிலேயே இருக்கிற கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு பிணம். தனித்தொகுதியின் தலைநகரத்திலேயே, நம் மக்கள் வாழும் தெருவில். நிவாரணக் காசோலை வந்தது, தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. பிறகு எல்லோருடைய விரலும் கல்வராயன் மலையை நோக்கித் திரும்பியது: சாராயம் அங்கிருந்துதானே இறங்குகிறது என்று. விஷமாக்கியது மெத்தனால் என்பதும், மெத்தனால் மலையில் காய்ச்சப்படுவதில்லை, ஆலையிலிருந்து வருவது என்பதும் யாருக்கும் நினைவில் இல்லை.

அந்த மலையின் கதை என்ன? மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் உழைத்துக்கிடந்த இடம் அது. குடியரசு பிறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1976-ல்தான் ஜாகீர் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு. டெல்லியில் ஜெகஜீவன் ராம் வேளாண் அமைச்சர். நெருக்கடி நிலை நடக்கிறது. தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. மலைமக்களின் விடுதலைக்காகச் சட்டமன்றத்தில் பேச அந்த ஆண்டு சட்டமன்றமே இல்லை. அவர்களுடைய பிரதிநிதி என்று யாரும் கோட்டையில் நின்று கேட்காமலே வந்த விடுதலை அது. அதனால்தானோ என்னவோ, கேட்காமல் வந்தது பாதியிலேயே நின்றுவிட்டது. பட்டா, சாலை, மருத்துவமனை என்று இன்றும் அதே மனுக்கள். சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்தது. நல்லது. ஆனால் அந்தக் கேள்விகள் முதலில் எழுந்திருக்கவேண்டிய இடம் கோட்டை.

ஏன் எழவில்லை? கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை, பொதுத்தொகுதியான சங்கராபுரத்தில் இருக்கிறது. கீழ்நாட்டு ஓட்டு மலையோட்டைவிடப் பல மடங்கு. வேட்பாளர் யாராக இருந்தாலும் அவர் கணக்கு கீழேயே முடிந்துவிடும். வெள்ளிமலைக்கு அவர் ஏறுவது மரியாதைக்கு. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் எஸ்.டி.க்கு இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். மக்களவைக்கு ஒன்றுகூட இல்லை. நமக்காவது ஜெகஜீவன் ராம் போதாது என்று சண்டை போட ஒரு ஜெகஜீவன் ராம் கிடைத்தார். மலையாளித் தோழர்களுக்கு அந்தச் சண்டைக்கும் வழியில்லை. நாம் எஸ்.சி., அவர்கள் எஸ்.டி., அவரவர் பாடு அவரவருக்கு என்று ஒதுங்கி நிற்கிற பழக்கம் நம் அமைப்புகளிலும் இருக்கிறது. கருணாபுரத்தில் செத்தவர்களையும் மலையில் வழக்கு வாங்கியவர்களையும் எதிரெதிராக நிறுத்தியவர்களுக்கு அந்தப் பழக்கம் ரொம்பவும் வசதி.

தொகுதி மறுவரையறை பற்றி எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. பேச்செல்லாம் தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. குறையும் என்பதிலேயே நிற்கிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கோடு வரையும்போது கல்வராயன், பச்சைமலை, சேர்வராயன் மலைக்கிராமங்கள் எப்படிப் பிரிக்கப்படும், எப்படிச் சேர்க்கப்படும் என்று யாரும் பேசுவதில்லை. வரைவு வெளியிட்ட பிறகு ஆணையம் ஆட்சேபணைகளைக் கேட்கும். கேட்கும் நாட்கள் குறைவாகத்தான் இருக்கும். அதற்குள் கிராமவாரியாக மக்கள்தொகை, வாக்குச்சாவடிவாரியாக வாக்காளர், ஒவ்வொரு மலைக்கிராமத்திலிருந்தும் சங்கராபுரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் தாளில் இருக்கவேண்டும். கள்ளக்குறிச்சியிலும் சேலத்திலும் கல்லூரியில் படிக்கும் மலையாளித் தோழர்கள் நம் வாசகர் வட்டத்தில் இருக்கிறீர்கள். விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். சேரித் தோழர்களும் கூட வருவார்கள். பேருந்துச் செலவைப் பகிர்ந்துகொள்வோம்.

ஜெய்பீம்.